பத்து நிமிஷ வேலை

மைத்துனனின் கார் தெருமுனை திரும்பும்போதே பட்டறைக்காரர் பிளேட்டுக்கு வாசனை வந்துவிட்டது. கருகிய கிளட்ச்சின் வாசனை. பொசுங்கிய முடியும் கெட்டுப்போன மீனும் சேர்ந்தது போலிருக்கும். மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். மறைக்காமல் சொன்னால், அவருக்கு அன்று காலையில் மனசு குளிர்ந்துபோனது. கியர்பாக்ஸை இறக்கவேண்டியிருக்கும். இறக்கி ஏற்ற இரண்டு நாள். இரண்டு நாளும் மைத்துனன் இங்கேதான் இருப்பான். அந்த வண்டியைத் தனியாக விட்டுப் போக அவனுக்கு மனசு வராது. பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவன் மாதிரி காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான்.

கிளட்ச் பிளேட்டைத் தவிர வேறெதையும் பேசத் தெரியாத மனிதர் என்பதால் பட்டறை வரிசையில் வைத்த பெயர் பிளேட்டு. ஐம்பத்து நாலு வயது. தகரக் கூரை, இரண்டு தூண் ஜாக்கி, சுவரில் வரிசையாக ஸ்பேனர், பின்பக்கம் ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும். ஒரே ஆள்.

அவர் மனைவி போய் ஆறு வருஷம். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. போட்டிருந்தால் சமாதானம் என்று ஒன்றாவது இருந்திருக்கும். தம்பிக்கு முதுகில் ஆபரேஷன், பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு மாதத்துக்குப் போனாள். ஒரு மாதம் இரண்டாயிற்று. போனவள் தானே வரட்டும் என்று இவர் இருந்தார். கூப்பிடட்டும் என்று அவள் இருந்தாள். அதே ஊரின் மறுகோடிதான், பஸ்ஸில் ஒரு மணி நேரம். இரண்டு பேரும் அசையவில்லை.

அந்தத் தம்பிதான் இப்போது காரோடு வருகிறவன். ஏசி மாட்டும் தொழில். அக்காவும் அக்கா மகளும் இருக்கும் வீட்டில்தான் அவனும் இருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், வேறு யாரோ சொன்னார்கள் என்று எஞ்சினில் பெரிய டர்போ வைத்தான். பலம் இரண்டு மடங்கானது. வண்டியோடு வந்த கம்பெனி கிளட்ச் ஒரு மாதத்தில் கைவிட்டது. அன்றிலிருந்து வருகிறான். அந்த வீட்டைப் பற்றி இவருக்கு ஏதாவது தெரிந்தால் இவன் வாய் வழியாகத்தான். வேறு வழி கிடையாது.

"வணக்கம் டாக்டர். உங்க பேஷன்ட் மறுபடி படுத்துட்டான்," என்று இறங்கினான் மைத்துனன்.

"ஓட்டறவன் லட்சணம் அப்படி."

"ஆமா. எரிஞ்சா ஓட்டறவன் லட்சணம், எரியாம ஓடினா மாட்டினவர் கைராசி. நல்ல நியாயம் மாமா உங்களது."

பிளேட்டு இரும்பு ஸ்டூலைத் துடைத்து, அதன்மேல் தடித்த ஸ்பான்ஜ் துண்டு ஒன்றைப் போட்டார். மைத்துனனின் முதுகுக்காக வெட்டி வைத்தது. அவன் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டான்.

"அங்க தண்ணி ஒழுங்கா வருதா?" என்று கேட்டார் பிளேட்டு.

எப்போதும் இதைத்தான் கேட்பார். அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மைத்துனனுக்குத் தெரியும்.

"தண்ணி வருது. அக்காவுக்குக் கண்ணாடி மாத்தியாச்சு. பெரிய பிரேம். ஆந்தை மாதிரி இருக்கேன்னு சொன்னேன், கரண்டிய எடுத்து வீசினா. பாப்பாவுக்கு லைசென்ஸ் வந்துடுச்சு."

"என்ன லைசென்ஸ்?"

"கார் ஓட்டத்தான். நான் கத்துக் குடுத்தேன், என் கம்பெனி வேன்ல. மேட்டுல பிரேக்கே தொடாம பாதி கிளட்ச்சுலயே நிறுத்தி வைக்கறா, பாத்துக்கங்க."

"அது தப்பு. பிளேட் போயிடும்."

"அவகிட்டயே சொல்லுங்களேன்."

பிளேட்டு குனிந்து காரின் அடிவயிற்றைப் பார்க்க ஆரம்பித்தார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. இந்தக் கையில் ஆயிரம் கிளட்ச் ஏறியிருக்கும். தன் மகளுக்கு அதை மிதிக்கச் சொல்லிக் கொடுத்தவன் ஏசி மாட்டுகிறவன்.

"ஒரு சுத்துப் போயிட்டு வருவோம்," என்றார்.

ஒரு மணி நேரத்துக்குமேல் நின்று ஆறியிருந்த கார், பட்டறையிலிருந்து கிளம்பியபோது ஒழுங்காகவே இழுத்தது. மூன்றாவது கியர், நாலாவது கியர், எதிலும் குறை இல்லை. மைத்துனன் குழம்பிப் போனான். "டாக்டரப் பாத்ததும் காய்ச்சல் விட்டுப்போச்சா?" என்றான். பிளேட்டு ஓட்டிக்கொண்டே இருந்தார். நெரிசலுக்குள் நுழைந்து, நின்று நின்று, அரை மணி நேரம் கழித்து மேம்பாலத்தில் ஏறும்போது மிதித்தார். எஞ்சின் அலறியது, முள் எகிறியது, வண்டி மட்டும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வாசனை வந்தது.

ஆறின எஞ்சினில் பிடிக்கிறது, சூடான எஞ்சினில் வழுக்குகிறது. அப்படியானால் கோளாறு கிளட்ச்சில் இல்லை. பலம் போதாத கிளட்ச் சூட்டிலும் வழுக்கும், குளிரிலும் வழுக்கும்.

பாலம் இறங்கி ஓரமாக நிறுத்தினார். மைத்துனனுக்குப் போன் வந்தது. எந்த வீட்டிலோ ஏசியில் தண்ணீர் ஒழுகுகிறதாம், அவன் தள்ளிப் போய்க் கத்திக்கொண்டிருந்தான். பிளேட்டு பானட்டைத் திறந்தார். பெடலிலிருந்து வரும் கம்பி ஒரு சின்ன சிலிண்டரைத் தள்ளும். அதிலிருந்து ஆயில் குழாய் வழியாகப் போய்க் கிளட்ச்சை விடுவிக்கும். சிலிண்டரில் குழாய் சேரும் நட்டை ஸ்பேனரால் கால் சுற்று தளர்த்தினார். பெடலை யாரும் மிதிக்கவில்லை. ஆனாலும் ஆயில் சீறிக்கொண்டு வந்து அவர் மணிக்கட்டில் அடித்தது.

நட்டை உடனே இறுக்கினார். கையைத் துடைத்தார். அவ்வளவுதான், நோய் தெரிந்துவிட்டது.

திரும்பும்போது கார் பாய்ந்தது. சீட்டில் முதுகு ஒட்டியது.

"என்ன மாமா, இப்பப் பிடிக்குது?"

"கொஞ்சம் ஆறியிருக்கும்," என்றார் பிளேட்டு. அது பொய். குழாயில் அடைபட்டிருந்த அழுத்தம் வெளியேறியதால்தான் பிடித்தது.

பட்டறைக்கு வந்ததும் மைத்துனன் டீ வாங்க எதிர்க்கடைக்குப் போனான். பிளேட்டு ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே மல்லாக்கப் படுத்து, கால் வெளியே, தலை பெடல்களுக்கு அடியில், வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு பார்த்தார். பெடலுக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ராடு. அதைப் பூட்டும் நட்டு. நட்டின்மேல் மஞ்சள் கோடு.

அது அவர் கோடு. எந்த நட்டை இறுக்கினாலும் மஞ்சள் பெயின்ட்டால் நட்டும் ராடும் சேர ஒரு கோடு இழுத்துவிடுவார். கோடு நேராக இருந்தால் வேறு கை படவில்லை என்று அர்த்தம். வாடிக்கையாளர் பொய் சொன்னால் அதைக் காட்டித்தான் வாயை மூடுவார். வேறு எவனாவது திருகியிருக்கக் கூடாதா என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டார். கோடு ரூலர் வைத்துப் போட்ட மாதிரி இருந்தது.

நினைவு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், முதல் கிளட்ச் போட்டபோது, பெடல் ரொம்பக் கீழே பிடிக்கிறது என்று மைத்துனன் சொன்னான். ராடை மூன்று சுற்று நீட்டிவிட்டார். ராடின் நுனிக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு நகக்கண் அளவாவது இடைவெளி இருக்க வேண்டும். அதை விழுங்கிவிட்டார். அதன்பிறகு வழுக்கும்போதெல்லாம் உன் எஞ்சின் பலம் அப்படி, உன் கால் அப்படி என்றார். ஸ்பிரிங் கெட்டியான கிளட்ச் போனது. பீங்கான் வில்லை வைத்த பந்தயக் கிளட்ச் வந்தது. அது சிக்னலில் குதிரை மாதிரி உதறியது, நீலம் பாரித்துச் செத்தது. மூன்றாவதாக இரட்டைப் பிளேட். மூன்று தடவையும் கியர்பாக்ஸை இறக்கினார். அந்த முதல் நாளுக்குப் பிறகு ஒரு தடவைகூட பெடலுக்கு அடியில் தலையை விடவில்லை.

பத்து நிமிஷ வேலை. ராடை உள்ளே திருகி, நட்டை இறுக்கி, பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதுசு போட்டால் முடிந்தது. பிளேட் எப்படியும் கருகித்தான் இருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். மைத்துனனிடம் எதுவும் சொல்லத் தேவையில்லை. இரண்டு நாள் உட்காருவான்.

அல்லது ராடில் கையே வைக்காமல் விட்டுவிடலாம். எட்டு மாதத்தில் மறுபடி வருவான்.

இந்த இரண்டாவது யோசனை வந்த வேகத்தில் அவருக்கே உடம்பு கூசியது. புது யோசனை மாதிரி வரவில்லை. பழகின வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற மாதிரி வந்தது.

"உள்ள தூங்கிட்டீங்களா? டீ ஆறுது," என்றது மைத்துனனின் குரல்.

"மாப்ள. இப்படி வா. கையை மட்டும் உள்ள விடு."

"முதுகு மாமா..."

"குனிய வேணாம். உக்காந்துக்க. இந்தக் கம்பியத் தொடு. ஆட்டிப் பாரு."

"ஆடலையே."

"ஆடணும்."

பிளேட்டு வெளியே ஊர்ந்து வந்து தரையிலேயே உட்கார்ந்தார். டீயைத் தொடவில்லை.

"உன் தொழில்லயே சொல்றேன். குழாய்க்குள்ள அடைச்சு வச்சது சூடானா என்ன ஆகும்?"

"பிரஷர் ஏறும்."

"போக வழி இல்லன்னா?"

"எதையாச்சும் தள்ளும்."

"இங்க கிளட்ச்சைத் தள்ளுது. நீ கால எடுத்தாலும் யாரோ ஒருத்தன் லேசா பெடல் மேல கால வச்சுக்கிட்டே வர்ற மாதிரி. அதான் வழுக்கி வழுக்கிக் கருகுது. இந்தக் கம்பி நீளம் கூடிப்போச்சு."

மைத்துனன் போனின் வெளிச்சத்தைப் பெடலுக்கு அடியில் காட்டினான். கொஞ்ச நேரம் பார்த்தான். பக்கத்துப் பட்டறையில் யாரோ இரும்பை அறுத்துக்கொண்டிருந்தார்கள்; அது நின்றபிறகு பேசினான்.

"மஞ்சக் கோடு."

"ஆமா."

"எப்போ?"

"மொதல் தடவை."

"அப்ப மூணு கிளட்ச்சும்?"

"நடுவுல போட்டது உனக்கு ஆகாத கிளட்ச். மத்த ரெண்டும் நல்ல கிளட்ச்."

"ரெண்டு வருஷமா என் கால்லதான் தப்புன்னீங்க. வீட்ல அக்காகூடக் கேலி பண்ணா, உன் கால் என்ன உலக்கையான்னு." அவன் குரல் உயரவில்லை. "தெரிஞ்சேதான் பண்ணீங்களா?"

பிளேட்டு யோசித்தார். இல்லை என்று சொல்லிவிட்டால் பாதி உண்மை. ஆமாம் என்றாலும் பாதிதான்.

"திருகினப்பத் தெரியாது. அப்புறம் ஏன் அங்க பாக்கலன்னு கேட்டா, தெரியல."

"அது எப்படித் தெரியாமப் போகும்? வேற எவன் வண்டியாவது வழுக்குதுன்னு வந்தா மொதல்ல எங்க பாப்பீங்க?"

"பெடல்ல."

"என் வண்டில?"

"மொதல்லயே கியர்பாக்ஸ இறக்கினேன்."

"ஏன்?"

"இறக்கினா ரெண்டு நாள் ஆகும்."

மைத்துனன் ஸ்டூலைப் பார்த்தான், ஸ்பான்ஜ் துண்டைப் பார்த்தான், பின்னாலிருந்த கட்டிலைப் பார்த்தான். டீ கிளாஸை வைத்தான்.

"காசு கிடக்கட்டும் மாமா. ஒரு போன் போட்டு வாடான்னா வந்திருப்பேன்ல?"

"எதுக்குன்னு கேட்டிருப்ப."

"கேட்டிருப்பேன்," என்று ஒத்துக்கொண்டான் அவன். பிறகு, "அக்காகிட்ட சொல்லிடுவேன். மறைச்சு வைக்க எனக்கு வராது," என்றான்.

"சொல்லு."

வேலை பாக்கி இருந்தது. அதனால் வேலையைப் பேசினார்கள். இருப்பதிலேயே முரட்டுக் கிளட்ச்சாகப் போட்டுவிடுங்கள், மறுபடி இந்தப் பேச்சே வேண்டாம் என்றான் மைத்துனன். பிளேட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்கவேண்டிய கேள்விகளை அப்போதுதான் கேட்டார்.

"பந்தயத் தடத்துக்கு வருஷத்துக்கு எத்தன தடவ போற?"

"ரெண்டு. மிஞ்சினா மூணு."

"மிச்ச நாளெல்லாம்?"

"வேலைக்குத்தான். சிக்னல் சிக்னலா."

"ஒரு நாளைக்கு இருநூறு தடவ பெடல மிதிப்ப. முரட்டு ஸ்பிரிங் போட்டா எஞ்சினுக்கு நல்லாருக்கும், ஆபரேஷன் பண்ண உன் முதுகு மூணு மாசத்துல என்னைத் திட்டும். எஞ்சின் பலத்த மட்டும் பாத்துக் கிளட்ச் எடுத்தா இப்படித்தான். வண்டி கனம் எவ்வளவு, எங்க ஓடுது, யாரு மிதிக்கறாங்க, எல்லாம் பாக்கணும். இந்த இரட்டைப் பிளேட்தான் உனக்கு. ரெண்டு பிளேட் இருந்தா பிடிக்கற இடம் ரெட்டிப்பு, ஸ்பிரிங்க அவ்வளவு இறுக்க வேணாம். அதே ரகம், புதுசு. கிளட்ச் ஒட்டற பிளைவீல் சக்கரத்து முகத்தைக் கடைஞ்சு சமன் பண்ணிடறேன்."

"இதெல்லாம் அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

மைத்துனன் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டான். வண்டியைத் தனியாக விட்டுவிட்டு அவன் போனது அதுதான் முதல் தடவை. ஸ்டூலில் ஸ்பான்ஜ் அப்படியே கிடந்தது. பிளேட்டு அதை எடுத்து அலமாரிக்குப் பின்னால் போட்டார். பிறகு ஸ்டூலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அது வெறும் இரும்பாக உறுத்தியது.

கியர்பாக்ஸைத் தனியாக இறக்கினார். எப்போதும் தனியாகத்தான் இறக்குவார்; மைத்துனன் ஒரு நட்டைக்கூடத் தொட்டதில்லை. ஆனாலும் இந்தத் தடவை கனம் அதிகமாகத் தெரிந்தது. கருகிய பிளேட்கள் கண்ணாடி மாதிரி பளபளத்தன. புதியதை ஏற்றி, நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்கி, கடைசியில் பெடலுக்கு அடியில் படுத்து ராடைச் சரிசெய்தார். விரலால் ஆட்டினார். ஆடியது. மணி பார்த்தார். ஒன்பது நிமிஷம் ஆகியிருந்தது.

புதுக் கிளட்ச்சை உடனே முழுப் பலத்தில் ஓட்டக் கூடாது. எண்ணூறு கிலோமீட்டர், ஊருக்குள், நின்று நின்று, மெதுவாக. அப்போதுதான் கிளட்ச் பிளேட்டும் பிளைவீல் இரும்பும் ஒன்றுக்கொன்று முகம் பதியும். மைத்துனனுக்குப் பொறுமை கிடையாது, இவரே ஓட்டினார். பத்து நாள். காலையிலும் மதியத்திலும் போவதற்கு எந்த இடமும் இல்லாமல், இடம் இருக்கிற எல்லாரோடும் நெரிசலில் நின்றார். சிக்னலில் பக்கத்தில் நின்ற பைக்காரன் ஒருவன் அந்தக் காரின் உறுமலைக் கேட்டுவிட்டு ஆசையோடு முறுக்கினான். பச்சை விழுந்ததும் பிளேட்டு மாட்டு வண்டி மாதிரி நகர்ந்தார். அடுத்த சிக்னலில் அவன் கண்ணாடியைத் தட்டினான்.

"அண்ணே, உங்களுக்குப் பயமா இருந்தா எங்கிட்ட குடுங்க, நான் ஓட்டறேன்."

"எண்ணூறு கிலோமீட்டர் ஆகட்டும் தம்பி," என்றார் பிளேட்டு. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பத்து நாளில் அவர் ஒருவரோடு பேசியது அது மட்டும்தான்.

ஒருநாள் மைத்துனன் வீட்டுத் தெருவரைக்கும் போனார். உள்ளே திரும்பவில்லை. தெருமுனையில் கார் இண்டிகேட்டர் அடித்துக்கொண்டே நின்றது. பின்னால் ஹாரன் கேட்டதும் நேராகப் போய்விட்டார்.

பதினோராம் நாள் மைத்துனன் வந்தான். உட்காரவில்லை. மேம்பாலத்தில் இரண்டு தடவை ஏற்றி இறக்கிவிட்டு வந்து, "பிடிக்குது. பெடலும் பஞ்சு மாதிரி இருக்கு," என்றான்.

"பெடல் மேல கால் வச்சே ஓட்டாத. இனி அஞ்சு வருஷம் கவலை இல்ல."

"அஞ்சு வருஷமா," என்றான் மைத்துனன். காரில் ஏறிக் கிளம்பினான். அங்கே தண்ணீர் வருகிறதா என்று பிளேட்டு கேட்கவில்லை. கேட்கிற உரிமை போய்விட்டதாகத் தோன்றியது.

ஒரு மாதம் போயிற்று, இன்னும் கொஞ்ச நாள் போயிற்று. டாக்சிகள் வந்தன, வேன்கள் வந்தன, எல்லாரும் வண்டியை விட்டுவிட்டுப் போனார்கள். பிளேட்டு ஒவ்வொன்றிலும் முதலில் பெடலுக்கு அடியில் பார்த்தார். தெருமுனையில் பெரிய எஞ்சின் எதுவும் உறுமவில்லை. வேலை சரியாகச் செய்திருக்கிறார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பட்டறை வரிசை முழுக்கக் கதவு சாத்தியிருந்தபோது, கட்டிலில் உட்கார்ந்து போனை எடுத்தார். அவள் எண் அதில் இன்னும் 'வீடு' என்றே இருந்தது. மைத்துனனின் வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்பதாக ஒத்திகை பார்த்துக்கொண்டார். பிறகு, அதற்கு மைத்துனனையே கூப்பிடலாமே என்று அவள் கேட்டால் பதில் இல்லை என்பது தெரிந்தது. எந்தக் காரணமும் கிடைக்காமலே எண்ணை அழுத்திவிட்டார்.

ஆறு முறை மணி அடித்தபிறகு எடுத்தாள்.

"சொல்லுங்க."

"நான்தான்."

"தெரியுது."

பிளேட்டு கட்டிலிலிருந்து எழுந்து நின்றார்.

"அவன் எல்லாத்தையும் சொன்னான்," என்றாள் அவள்.

"ம்."

"ரெண்டு வருஷமா அந்தப் பெடலுக்குக் கீழ பாக்கத் தோணலையாக்கும்."

"தோணல."

"போன எடுக்க ஆறு வருஷமாத் தோணல."

"உனக்கும்தான்," என்று சொல்ல வந்ததை முழுங்கினார். "ஆமா," என்றார்.

"சாப்டாச்சா?"

"இனிமேதான்."

"மணி மூணு." அவள் குரலில் கோபமா வேறெதுவுமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "இருங்க, அடுப்புல பால் இருக்கு. பொங்கிடும். வைக்காதீங்க."

போனை எதன்மேலோ வைத்த சத்தம் கேட்டது. பிளேட்டு தன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அவள் செருப்பில்லாத காலடி தள்ளிப் போயிற்று. பாத்திரம் ஒன்று இறங்கியது. குழாயில் தண்ணீர் விழுந்தது, நின்றது. டிவியில் யாரோ சிரித்தார்கள். நாற்காலி இழுபட்டது. பிறகு ஒரு பெண்ணின் குரல், அவர் கடைசியாகக் கேட்டதைவிடக் கனத்திருந்தது.

"யாரும்மா போன்ல?"

அவள் என்ன பதில் சொன்னாள் என்பது கேட்கவில்லை.